கூடுதலாய் ஒரு கல்

"ஒரு ஓட்டையும் போடப்படாது" என்றார் சபாநடேசர்.
போன மாரியில் ஒழுகிப்
பதினேழு கூறைச்சீலை பழுதான கதையை
மூன்றாம் தரமும் சொன்னார்.

துளைக்கிற மெஷினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக்
கல் ஏற்றினோம்.
கஸ்தூரியார் வீதி, நாலு மாடி, லிப்ட் இல்லை.
மொட்டைமாடியில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் தட்டம்,
தட்டத்துக்குள் கொங்கிரீட் கல்.
ஒன்று பதினெட்டுக் கிலோ.

காற்று சோலார் தகட்டைத் தள்ளாது,
அடியில் புகுந்து தூக்கும்.
சாரம் உடுத்த எட்வினுக்கு
இதை விளக்கத் தேவை இருக்கவில்லை.

புயல் இரவு
கொக்குவிலில் பாயில் கிடந்து
தகரம் படபடக்கும் ஒவ்வொரு தரமும்
நூற்றுநாற்பத்துநாலைப் பதினெட்டால் பெருக்கினேன்.
அதே விடைதான் வந்தது.
நித்திரை வரவில்லை.

விடிய ஏறிப் பார்த்தால்
பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகை
எங்கள் மாடியில் குப்புறக் கிடக்கிறது,
நாலு ஆணியோடும்.
தகடுகள் அப்படியே.
வடகிழக்கு மூலை மட்டும்
ஒரு விரற்கடை அரக்கியிருந்தது.

சபாநடேசர் குனிந்து பார்த்தார்.
ஒன்றும் பறையாமல் இறங்கிப் போனார்.

கனநேரத்தின் பிறகு
படிக்கட்டில் சத்தம்:
ஒரு கல்,
ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து,
மூச்சு வாங்கி,
திரும்பத் தூக்கி.