வெட்டுவாய்

சிலைமான் தாண்டி கருவேலங்காட்டுக்குள் சூளை.
ஆபீசிலிருந்து நாலாம் நம்பர் கேமராவுக்கு
எண்பத்தாறு மீட்டர்.
நூறைத் தாண்டினால் சொன்னது போய்ச் சேராது,
போன ஆவணியில் நான்தான் அளந்து இழுத்தேன்.

"அணில் கடிச்சிருக்கும்மா" என்றார் மேனேஜர் லோகிதாசன்.
"மழைக்குள்ள முடிச்சுக் குடு."

அணில் கடித்த கேபிளை எனக்குத் தெரியும்.
கறுப்பு உறையில் வரிவரியாகப் பல் தடம்,
கம்பி ஒன்று நெட்டை ஒன்று குட்டை,
பாதியில் சலித்துப்போய் விட்டிருக்கும்.
மண்வெட்டி பட்டால் நசுங்கும்.
டிராக்டர் மாட்டி இழுத்தால்
செம்பு மெலிந்து மெலிந்து அறும்.
இது
எட்டுக் கம்பியும் ஒரே நீளம்.
லேசாகச் சாய்ந்த வெட்டு.
நேற்றுத் தீட்டிய இரும்பு.

ஒன்றும் சொல்லவில்லை.
ஈரம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதென்று
இரண்டு பக்கமும் நறுக்கிக்கொண்டே போனேன்.
உள்ளே இருக்கும் ஜெல்லி பலாப்பிசின் மாதிரி,
மண்ணெண்ணெய் தொட்டால்தான் விரலை விடும்.
செம்பு பளிச்சென்று தெரிந்தபோது
இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சாண் காற்று.

இதற்காகத்தான் எப்போதும்
கேமராவுக்குப் பின்னால் ஒரு சுருள் விட்டுவைப்பேன்.
ஏணி போட்டேன்.
விறகு வெட்டிக்கொண்டிருந்த இருளாயி
கேட்காமலே வந்து பிடித்துக்கொண்டது.

நான் மாட்டியபோது அது வாசலைப் பார்த்தது.
லாரி நம்பர் தெரியணும் என்றுதான் சொன்னார்கள்.
இப்போது கழுத்து திரும்பியிருந்தது.
அதன் கன்னத்தோடு கன்னம் வைத்து
அது பார்க்கும் பக்கம் பார்த்தேன்:
தண்ணீர்த் தொட்டி,
மூன்று பக்கம் கீற்றுத் தட்டி,
கூரை கிடையாது,
கயிற்றில் ஈரப் பாவாடை,
கல்மேல் தேய்ந்த சோப்பு.

கீழே இருளாயி
ஏணிக்காலையே பார்த்துக்கொண்டிருந்தது.
விறகின்மேல் அரிவாள்.

சுருளை அவிழ்த்துக்கொண்டு இறங்கினேன்.

ஜோடி ஜோடியாக முறுக்கித்தான் இருக்கும் உள்ளே.
அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரித்தால்
பக்கத்து ஜோடி பேசுவது இதில் விழும்.
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு,
வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை,
வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.
பதினாறாம் வாய்ப்பாட்டில் திணறுகிற என் மகன்
அம்மா இதைத் தூக்கத்தில் சொல்வதைக் கேட்டிருக்கிறான்.
இரண்டு முனைக்கும் தலை அடித்து,
நடுவில் இணைப்பான் மாட்டி,
ரப்பர் வளையம் இறுகப் பெட்டியை மூடி,
பெட்டிக்கு இருபுறமும் கேபிளைத் தொங்கலாக விட்டேன்.
வழிந்து வரும் மழை
அந்தத் தாழ்வில் சொட்டிவிட்டுப் போகும்,
உள்ளே வராது.

டெஸ்டரில் பச்சை விளக்கு
ஒன்று, இரண்டு, எட்டுவரை நடந்தது.

மறுபடி ஏறினேன்.
கழுத்தை வாசலுக்குத் திருப்பி
வேறு திருகு போட்டு முறுக்கினேன்.
சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதில் நுழையாது.
நுழைவது என் பையில் இருக்கிறது.

திரையில் லாரி. திரையில் வாசல்.
லோகிதாசன் நாற்காலியை முன்னே இழுத்தார்.
"ஆங்கிள் மாறிருச்சே?"
"நறுக்கினதுல ஒயர் குட்டையாயிருச்சு சார்.
அந்தப் பக்கம் திருப்பினா இழுபடும்,
ஜாயிண்டு தாங்காது."
"அணில்தானே?"
"அணில்தான்."

பில்லிலும் அப்படித்தான் எழுதினேன்.
அணில் சேதம், ஒரு இணைப்பு, பெட்டி, கூலி.
திருகுக்குக் காசு போடவில்லை.

வைகைப் பாலத்தில் தூறல் பிடித்துக்கொண்டது.
ஹேண்டில்பாரில் விரல் இன்னும் ஒட்டுகிறது.
வெட்டு விழுந்தது வெள்ளிக்கிழமை.
அதற்கு முந்தின நாட்கள்
அந்த ஆபீஸ் பெட்டிக்குள் அப்படியே இருக்கின்றன.
பதினைந்து நாளைக்கு ஒருமுறை
பழையதன்மேல் புதியதை எழுதிக்கொள்ளும் பெட்டி,
நான்தான் அப்படி அமைத்துக் கொடுத்தேன்.

இன்று செவ்வாய்.
நான்கு போனது.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.