ஏற்ற நேரம்

கழிவறைக் கதவின் உட்புறம்
கடல் ஏறி இறங்கும் நேரங்கள் ஒட்டியிருக்கின்றன.
ஆ ஹோக் கடையில் தூண்டில்காரர்களுக்கு
இலவசமாகத் தரும் தாள்.
நாங்கள் மீன் பிடிப்பதில்லை.

இன்று காலை ஏழு பத்து.
அதற்குள் நாலு பேரும் போய்விட்டு வந்தாக வேண்டும்.
தவறினால் சுங்கை பினாங்கு
கடலுக்குப் போன வழியே திரும்பி வந்து
குழாய்க்குள் நுழைந்து
பீங்கான் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும்.
பலகை போட்டு மூடுவேன்.
பலகைமேல் இரண்டு செங்கல்.
செங்கல்மேல், சில நாள், என் மகன்.

அமாவாசைக்கு ஊரெல்லாம் தலைமுழுகும்.
எங்களுக்கு அன்று தலைக்கு ஊற்றுவதற்கு முன்பே
கால் நனைந்துவிடும்.
படையல் சோற்றைக் கூரைமேல் வைத்தால்
காகம் தின்னும், கீழே இறங்காது.
அதற்குத் தெரிகிறது.

வேலை பத்து ஃபிரிங்கியில், கடலைப் பார்த்த ஹோட்டல்.
நாளுக்குப் பதினான்கு அறை.
தாள்சுருளின் நுனியை முக்கோணமாய் மடிக்க வேண்டும்,
இதுவரை எவரும் தொடவில்லை என்பதற்குச் சாட்சியாக.
ஒவ்வொரு அறையிலும் பொத்தானை அமுக்கி
ஒரு நிமிஷம் நிற்பேன்.
சூப்பர்வைசரிடம் அதற்குப் பரிசோதனை என்று பேர்.
தண்ணீர் ஒரே திசையில் போவதைப்
பார்க்கத்தான் நிற்கிறேன்.

அடுத்த வீட்டு ரொஹானாவோடு
எட்டு மாதமாகப் பேச்சில்லை.
எங்கள் குழாய் முடிகிற இடம்
அவள் சமையலறைச் சன்னலுக்கு நேர் கீழே.
நகராண்மைக் கழகத்துக்கு எழுதிப் போட்டாள்.
வந்தவர்கள் படம் எடுத்தார்கள்,
கை கழுவ எங்கே என்று கேட்டார்கள்.
டிரம்மைக் காட்டினேன், கயிற்றில் தொங்கும் சோப்பைக் காட்டினேன்.
ஒருவர் கழுவிக்கொண்டே போனார்.
அவள் எழுதியதில் பொய் இல்லை.
என்னிடம் சொல்லாமல் எழுதியதுதான்.

பௌர்ணமி இரவு, மணி பன்னிரண்டே முக்கால்.
கவிலாஷினி என்னை எழுப்பினாள்.
விளக்கைப் போடாதே என்றாள்.
போட்டேன். பார்த்தேன்.
கழிவறையில் பலகை மிதந்துகொண்டிருந்தது.
செங்கல் இருந்த இடம் தெரியவில்லை.

ரொஹானா வீடு எங்களைவிட மூன்று படி உயரம்.
கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை,
பிள்ளையைப் பார்த்தாள்.
“மாசோக்” என்றாள்.
உறை பிரிக்காத சோப்பு ஒன்று,
நீல ரப்பர் குழாய்,
தாழ்ப்பாள் உள்ள கதவு.
வெளியே நாங்கள் இருவரும்
தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி
சுவருக்கு ஒருவராய் நின்றோம்.
வெகுநேரம் குளித்தாள் என் மகள்.
தண்ணீர் பில்லை அவள் நினைக்கவில்லை,
நான்தான் நினைத்தேன்.

பதினாறாம் நாள் பட்டர்வொர்த்திலிருந்து அத்தைமார் வந்து
மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்தார்கள்.
முதல் தண்ணீர் எதுவென்று
எங்கள் மூவருக்குத் தெரியும்.

அந்தச் சம்பளத்தில் ஒன்பதடி பிவிசி குழாயும்
தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் மூடியும் வாங்கினேன்.
மகன் மாட்டினான்.
இப்போது குழாய் அவள் சன்னலைத் தாண்டி முடிகிறது.
அங்கேயும் அதே ஆறுதான்.
ரொஹானாவுக்குத் தெரியும். எனக்கும்.
கொய்யா கொடுத்தனுப்பினாள்.
கழுவிவிட்டுத்தான் தின்றோம்.

தாள் இன்னும் கதவில் இருக்கிறது, புது மாதம்.
ஒரு தேதியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம்.
நான் போட்டதில்லை.
மூடியை முழுக்க நம்பவும் முடியாது.
அன்று ஏற்றம் காலை ஆறு ஐம்பது.
ஐந்தரைக்கு எழுப்புகிறேன் என்று
கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்.
உள்ளிருந்து, சரி.