ஒன்றுவிட்ட நோவு

ஆடிக் கடைசி. அந்தியூர்ச் சந்தை.
நாமக்கல்லிலிருந்து கொண்டுவந்த குளிர்ப்பெட்டியில்
பவானி தாண்டும்போதே பாதி ஐஸ் தண்ணீர்.

மேளம் அடித்தால் ஆடுகிற குதிரைகள் ஒருபக்கம்.
மேளம் நின்ற பிறகும்
ஒற்றைக்கால் தூக்கியபடியே நின்றது ஒன்று.
அதுதான் பதினேழாவது.
எனக்கு ஆட்டம் வேண்டாம்,
கழுத்து நரம்பில் பத்து மில்லி போதும்.

"விலை கேக்கறீங்களா, சும்மா பாக்கறீங்களா?"
"ரத்தம் கேக்கறேனுங்க."
சிரித்தவர்கள் நிறையப் பேர்.
சிரித்துவிட்டுக் கயிற்றைக் கையில் தந்தவர்
பள்ளபட்டி மீரான்கனி ராவுத்தர்,
பேரிலேயே குதிரை வைத்திருப்பவர்.
சாம்பல்நிறப் பெட்டை. ஒன்பது வயது. பெயர் சில்லறை,
மீதி தராமல் போன தரகரின் நினைவாக.

"சுழி எழுதலீங்களா?"
படிவத்தில் சுழிக்குக் கட்டம் இல்லை.
ஓரமாக எழுதிக்கொண்டேன்.
நாற்பத்தொன்றாம் குழாய்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

குதிரை ஈரலில் ஒரு வைரஸ் குடியிருக்குதுங்க.
மனுசர் ஈரலில் இருக்கிற சி வகைக்கு
அது ஒன்றுவிட்ட பங்காளி.
எலியிடம் கேட்டுப் பார்த்தார்கள்,
மனுச நோவு அதற்கு ஒட்டவில்லை.
மனுசரிடம் கேட்கலாம்தான்,
தனக்கு இருப்பது தெரியவே
அவருக்கு இருபது வருசம் ஆகிவிடுகிறது.
அதனால் குதிரையிடம்.

அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார்.
பழைய தழும்பு, தைத்த சாக்குபோல.
"எம்பத்தொம்போதுல ரேக்ளாவுல உழுந்தேன்.
கோயமுத்தூர்ல மூணு பாட்டில் ஏத்துனாங்க.
எவனோ குடுத்தது, நல்லாருக்கட்டும்.
அதுல இதுவும் வந்துருச்சுன்னு
போன மாசந்தான் சொல்றாங்க.
ஈரக்கொல நடுங்குதும்பாங்களே,
ஒருநா நடுங்குலீங்க.
முப்பது வருசத்துக்கு மேல, கமுக்கமா."

பிறகு சில்லறையை
புதுச் சம்பந்தி வீட்டாரைப் பார்ப்பதுபோல்
ஏற இறங்கப் பார்த்தார்.

புரட்டாசியில் முடிவு வந்தது.
நாற்பத்தொன்றில் இருக்கிறது. பதினேழிலும்.
பள்ளபட்டிக்குப் போனேன், மறுபடி ஊசியோடு.
அவர் கரூர் பெரியாஸ்பத்திரியில்
மாத்திரை ஆரம்பித்திருந்தார்,
காலண்டரில் தேதிதேதியாகச் சிவப்புக் கோடு.
சில்லறைக்கு எந்தக் கோடும் இல்லை.
கொள்ளைத் தின்றது. வாளியை உதைத்தது.
என் துப்பட்டாவின் நுனியையும் கொஞ்சம் தின்றது.

குதிரைக்குப் பித்தப்பை கிடையாது
என்றேன், பேச்சுவாக்கில்.
"அப்ப கசப்பச் சேத்து வெக்கறதில்ல, அதானா?"
அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க என்றேன்.
ஆராய்ச்சிக்காரி அப்படித்தான் சொல்லியாக வேண்டும்.
பேருந்தில் கரூர் வரும்வரை
அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கார்த்திகையில் அவளிடம் இழை அளவு.
தையில் அதுவும் இல்லை.
கருவியை மூன்று முறை ஓட்டினேன்,
மூன்று முறையும் திரை தட்டையாகக் கிடந்தது,
அறுப்பு முடிந்த வயல்போல.

மாசியில் ஒரு போன்.
"எனக்கும் இல்லைன்னுட்டாங்க.
எம்பத்தி நாலு மாத்திரைங்க எனக்கு.
அவளுக்கு என்ன குடுத்தீங்க?"
ஒண்ணுமில்லைங்க.
"ஒண்ணுமில்லீங்களா."
அந்தப் பக்கம் கனைப்புச் சத்தம்,
வாளி உருளும் சத்தம்.
"அப்ப அந்த ஒண்ணுமில்லை என்னன்னு
கண்டுபுடிங்க."

கண்டுபிடிக்கவில்லை இன்னும்.
உறைபெட்டியில் இருவரில் ஒருத்தியின்
ஐந்து மாதங்கள் இருக்கின்றன, வரிசையாக.
எந்த அணு முதலில் எழுந்தது,
யார் யாரை அடையாளம் காட்டியது,
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதினேழு எதையும் விரட்டவில்லை.
புரட்டாசியில் இருந்தது, கார்த்திகையில் இருந்தது.
அதற்குப் பிறகு மைசூர்ப் பக்கம் விற்றுவிட்டார்களாம்.
வாங்கியவர் எண் அணைத்தே கிடக்கிறது.
எதற்குப் போகவில்லையோ
அதனிடம்தான் கேட்க வேண்டியது அதிகம்.

அடுத்த ஆடிக்கு ஐஸ் கூடுதலாக எடுத்துப் போவேன்.
மேளம் நின்ற பிறகும்
கால் இறக்காத ஒன்றை
யாராவது பார்த்தீர்களா என்று
ஒவ்வொரு கயிறாகக் கேட்பேன்.