பதினொரு நாள் சர்

முதலாமவர் ஜோசலின் ஆல்டர்விக்,
ஸ்பெயினில் ஒரு கோட்டைச் சுவர் ஏறுகையில்
இடது கையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.
அரசர் பாரோனெட் பட்டம் கொடுத்தார்,
கேடயத்தில் பொறித்துக்கொள்ள
ஒரு சிவப்புக் கையும்.
அதுவும் இடக்கை.
எல்லா பாரோனெட்டுக்கும் அதே கைதான் என்று
யாரும் அவரிடம் சொல்லவில்லை.
தனக்கென்றே வரைந்ததாக நம்பிச் செத்தார்.

இரண்டாமவர் கிரிமியாவுக்குப் போனார்,
பேதி கண்டு திரும்பினார்.
குடும்ப வரலாற்றில் அவருக்கு ஒன்றரை வரி.

மூன்றாமவர் கர்னல் லூஷியஸ்.
பதினாறாம் வருஷம், ஜூலை ஏழு,
மதியச் சாப்பாட்டில் மீன் முள்ளை ஒதுக்கியபடியே
தட்டின் மேல் சாய்ந்தார்.

அந்த நொடியில்
பிரான்சில் ஒரு சேற்றுக் குழிக்குள்
சட்டை மடிப்பில் பேன் பார்த்துக்கொண்டிருந்த பியர்ஸ்
நான்காம் பாரோனெட் ஆனான்.
பட்டத்துக்கு வழி தெரிந்திருந்தது.
தபாலுக்குத்தான் தெரியவில்லை.

லட்லோ ஊர் வக்கீல் அலுவலகத்தில்
அந்த உறையைத் தட்டச்சு செய்தவள் நான்.
'சர்' என்று அடிக்கும்போது
ஒரு எழுத்து மேலேறி விழுந்தது. அப்படியே விட்டேன்.

பதினொரு நாள் அவன் சர்.
சிகரெட் கடன் வாங்கினான்.
எலிப்பொறி செய்தான்.
அப்பாவுக்கு எழுதினான்: "காலுறை அனுப்புங்கள். மழை."

இறந்தவருக்கு எழுதிய அந்தக் கடிதம் வந்துசேர்ந்தது.
உயிரோடிருந்தவனுக்கு எழுதியது
ஊதா முத்திரை வாங்கிக்கொண்டு
என் மேசைக்கே திரும்பியது.

அடுத்த ஆண் யாரென்று தேடினோம்.
எந்த ஈயக் குழாய் எந்த மாதம் ஒழுகும்,
எந்தக் குத்தகைக்காரன் எதற்குப் பொய் சொல்வான்,
எல்லாம் தெரிந்த அக்காள் வினிஃப்ரெட்
எதிரே உட்கார்ந்து பென்சில் சீவித் தந்தாள்.
வம்ச மரத்தில் அவள் பெயருக்குக் கீழே
கோடு கிடையாது.

நியூசிலாந்தில் ஓர் அம்ப்ரோஸ் அகப்பட்டார்.
ஐந்து மாதம் கழித்துப் பதில்:
"இது கம்பளி கத்தரிக்கும் பருவம்.
முடிந்ததும் எழுதுகிறேன்."
அந்த ஆடுகளுக்கு இன்னும் மயிர் வளர்ந்துகொண்டிருக்கிறது.
கோருவாரற்ற பட்டம் சாகாதாம், உறங்குமாம்;
சட்டம் அப்படிச் சொல்கிறது.
நூலறுந்த பட்டம் எந்தக் கிளையில் சிக்கியதென்று
யார் போய்ப் பார்ப்பது?

தேவாலயப் பித்தளைப் பலகைக்கு
வெட்டுக்காரர் வந்து கேட்டார்:
"பெயருக்கு முன்னால் 'சர்' உண்டா?
மூன்று எழுத்து. எழுத்துக்கு நாலு பென்ஸ்."

வினிஃப்ரெட் ஜன்னலைப் பார்த்தாள்.
"அவனுக்கே சொல்லாததைச்
சுவருக்குச் சொல்வானேன்" என்றாள்.

மிச்சமான ஒரு ஷில்லிங்
குழாய்க்காரருக்கு முன்பணமாகப் போனது.
ரசீது என்னிடம் இருக்கிறது.