மட்டிப்பழம்

அங்கன்வாடி டீச்சர் ரோஸ்லெட்
வார்த்தையின் முதல் எழுத்தை மட்டும் சொல்லி
மீதியை விழுங்கிக்கொண்டாள்.
கால்மாட்டில் நின்ற ஆஷ்லின்
மீதியையும் சொன்னாள்,
குறில் நெடில் பிசகாமல்.
எடைத் தராசுக்குப் பின்னால்
எவளோ ஒரு தாய் சிரிப்பைப் பொத்தினாள்.
டீச்சருக்குப் பாவம், உதடுவரை வந்துவிட்டது
பழக்கதோஷத்தில் ஒரு வெரி குட்.

மூன்று வயது.
பருப்புச்சோற்றுத் தட்டு கவிழ்ந்ததாம்.
தட்டைப் பார்த்துச் சொன்னாளாம்.
சொல்லிவிட்டு இடது கையால் தொடையில் ஓர் அடி.

அந்த அடி என்னுடையது.
அழகியமண்டபம் முக்கில்
குறுக்கே பாயும் பைக்குகளுக்காக
ஸ்டியரிங்கை விட்டு நான் அடிப்பது.
சொல்லுக்கு முன் மூக்கால் ஒரு மூச்சு விட்டாளே,
அது அவள் அம்மையுடையது.
பிள்ளைக்கு யார் ஜாடை என்று கேட்கிறவர்கள்
கண்ணையும் நெற்றியையும்தான் பார்க்கிறார்கள்.

எங்கே கற்றாள் என்று டீச்சர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
பக்கத்து வீட்டைச் சொல்லியிருப்பேன்.

அன்று ராத்திரி சுனிலா சொன்னாள்:
"இனி ஒரு கெட்ட வார்த்தையும் மிண்டப்பிடாது, கேட்டியளா."
"கோவம் வந்தா?"
"வேற என்னத்தையாவது சொல்லணும்."

வேறு என்ன தெரியும் எனக்கு?
குலசேகரத்திலிருந்து திங்கள்சந்தைக்கு
டெம்போ நிறைய வாழைக்குலை கொண்டுபோகிறவன்.
வாயில் வந்தது
பாளையங்கோடன்.

நல்ல வார்த்தை. சொல்லிப் பாருங்கள்.
தொடக்கத்தில் உதடு தெறிக்கும்
நடுவில் தொண்டை திறக்கும்
முடிக்கும்போது கோபத்தில் பாதி போயிருக்கும்.
டயர் பஞ்சரானால் பேயன்.
டீசல் விலைக்கு மொந்தன்.
தவணை கேட்கிற பைனான்ஸ்காரனை
போனை வைத்த பிறகு, சத்தமாக, செந்துளுவா.
சுனிலா அண்டியாபீஸ் மேஸ்திரிக்கு
சிங்கன் என்று பெயர் வைத்தாள்.
சிரித்தோம்,
கல்யாணமான புதிதில் சிரித்ததுபோல.
மாவில் வாய் வைத்த கோழியை ஆஷ்லின் விரட்டினாள்:
"போ ஏத்தா."
வேலிக்கு அப்பால் ஜெஸிந்தா அக்காள் கேட்டாள்,
கோழிக்குமா பழம் குடுக்குதீங்க?

இடவப்பாதிக் காற்றில்
விளைகளெல்லாம் சாய்ந்து கிடந்தன.
ஒன்பது நாள் லோடு இல்லை.
சுனிலாவின் சீட்டுப் பணத்தை
அவளிடம் சொல்லாமல் எடுத்திருந்தேன்.
அவள் கேட்டாள். நான் சட்டையைத் தேடினேன்.
மறுபடி கேட்டாள்.

ஒப்பந்தத்தை மீறவில்லை, சத்தியமாக.
அந்த அறையில் அன்று
ஒரு கெட்ட வார்த்தை விழவில்லை.
பழங்கள்தான்.
குலையிலிருந்து பிய்த்துப் பிய்த்து
அவள் ஒன்று, நான் ஒன்று,
தெருவில் போகிறவன் கேட்டிருந்தால்
ஏலம் நடக்கிறது என்று நினைத்திருப்பான்.
கடைசியில் அவள் முகத்துக்கு நேரே குனிந்து
பல்லைக் கடித்து
நான் சொன்னது மட்டி.
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
முன்பே இன்னொரு பொருள் இருந்தது.

சுனிலா விளக்கை அணைத்தாள்.
பாயில் ஆஷ்லின் புரளவே இல்லை.
தூங்குகிற பிள்ளை என்றால் புரளும்.

நாலு நாள் கழித்து லோடு வந்தது.
சட்டைக்குள் பொதிந்து
ஒரு சீப்பு கொண்டுவந்தேன்.
ஆறாம் மாதத்தில் அவள் நாக்கில்
முதலில் மசித்து வைத்த பழம் அது.
துப்பாமல் தின்றாளென்று
அன்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.
தோலுரித்து, நார் எடுத்து, நீட்டினேன்.
"மக்ளே, மட்டி."

வாங்கவில்லை.
சுவரோடு சாய்ந்து நின்று
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.
"நான் ஒண்ணும் செய்யல்லியே, அப்பா."