காய்கறித் தட்டில் குளிர்காலம்

பார்சலைப் பிரித்ததும்
"இஞ்சியா, சேனையா?" என்றார் ஞானசேகர்.
இரண்டும் இல்லை.
மண் ஒட்டிய, மூன்று கண் வைத்த
ஒரு பியோனிக் கிழங்கு.
ஹாலந்திலிருந்து வந்திருக்கிறது
என் பெயரைத் தப்பாகச் சுமந்துகொண்டு.

நாலைந்து டிகிரியில் சில வாரம்
செத்ததுபோல் கிடக்கவேண்டும் அது.
அப்போதுதான் பூக்கிற ஞாபகம் வரும்.
புக்கிட் பாத்தோக்கில், ஒன்பதாவது மாடியில்,
டிசம்பர் என்பது
மூங்கில் கழியில் துணி காயாத மாதம்,
அவ்வளவுதான்.

ஆகவே மாவுப் பாத்திரம் இடம் மாறியது.
ஆப்பிள்கள் மேசைக்கு வந்தன
(பழத்தின் மூச்சு பட்டால் கண் கெடுமாம்).
கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே
செய்தித்தாள் சுற்றிக் கிடத்தினேன்.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு:
சமைக்க அல்ல.
இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை
தோல் சீவும் கத்தியோடு அவர் அதை
உற்றுப் பார்த்து நின்றதைக் கண்டவள் நான்.

எதிர்வீட்டு மேடம் கோ
வாங்கி முகர்ந்து பார்த்தார்.
மருந்துக்கடையில் இதன் வேரை
வெள்ளையாய்ச் சீவி விற்பார்களாம்,
மாதவலிக்குக் கொதிக்கவைத்துக் குடிக்க.
"உனக்கு இன்னும் வருகிறதா?"
தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.
போன வருஷத்தோடு நின்றது என்றேன்.
"அப்படியானால் பூவுக்குத்தான்" என்று
திருப்பிக் கொடுத்தார்.

எட்டாம் வாரம் நட்டேன்.
கண்ணுக்கு மேலே ஒரு அங்குல மண், கூடாது அதற்குமேல்.
ஆழத்தில் புதைத்தால்
இலை மட்டும் விட்டு ஊமையாகிவிடும்.
காலை வெயில் போதும், பிற்பகல் வெயில் ஆகாது.
நாற்காலி செல்லும் அகலம் விட்டு
சுவரோடு ஒட்டித் தொட்டியை வைத்தேன்,
நகர மன்றம் கடிதம் போடாமல் இருக்க.
இரவுதோறும் பனிக்கட்டித் தட்டைக் கவிழ்த்தேன்.
மண்ணுக்குச் சிலிர்த்ததோ என்னவோ,
எனக்கு விரல் மரத்தது.

மூன்று சிவந்த மூக்குகள் எட்டிப் பார்த்த வாரம்
கொசு ஒழிப்பு அதிகாரி வந்தார்.
அடித்தட்டு நீரைக் குழாயில் உறிஞ்சி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.
"ஏன் இவ்வளவு தண்ணீர்?"
தண்ணீர் இல்லை தம்பி, குளிர்காலம் என்றேன்.
சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டார்.
புழு இல்லை; அபராதம் இல்லை.
தட்டைக் கவிழ்த்துவைக்கச் சொல்லிப் போனவர்
லிஃப்ட் கதவு திறந்தபிறகு திரும்பினார்:
"என்ன நிறத்தில் பூக்கும்?"
பெட்டியில் இளஞ்சிவப்பு என்று போட்டிருக்கிறது,
அதற்குமேல் தெரியாது.

இலைகள் வந்தன. முதலில் செம்பு, பிறகு பச்சை.
ஓரத்தில் சாம்பல் பூசணம் பிடித்தவற்றை
கத்தரித்துக் கத்தரித்து எறிந்தேன்.
எறும்புதான் பியோனியைத் திறக்கும் என்பது
பொய்யாம், அது தேனுக்கு வருவதாம்.
எங்கள் தாழ்வாரத்து எறும்புகள்
வரிசையாய் ஏறின,
உச்சியில் ஒன்றும் இல்லாததைச் சுற்றிப் பார்த்து
வந்த வரிசையிலேயே இறங்கின.

ஏப்ரலில் ஒரு மொட்டு.
மிளகளவு. பிறகு பட்டாணி அளவு.
ரொஸ்னா தன் மகனின் பந்தைப் பறித்து உள்ளே வைத்தாள்.
மேடம் கோ நடைக்கும் கடைக்கும் போகிறபோதெல்லாம்
குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார், அதனிடம்.
இரவிலும் சூடு இறங்காத ஒரு வாரம்
பட்டாணி அங்கேயே நின்றது.
கறுத்தது.

கிள்ளி எடுத்து,
சமையலறை விளக்கின் கீழே
ஊசியால் பிரித்துப் பார்த்தேன்.
உள்ளே, ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து,
நகக்கண் அளவுகூட இல்லாத இதழ்கள்.
இளஞ்சிவப்புத்தான்.
அந்தத் தம்பி புதன்கிழமை வந்தால் சொல்லவேண்டும்.

அக்டோபரில் தோண்டிக் கழுவினேன்.
கண்கள் நான்கு.
ஞானசேகர் எதுவும் பேசாமல்
மாவுப் பாத்திரத்தை மேல்தட்டுக்கு ஏற்றினார்,
ஆப்பிள்களை எடுத்தார்,
செய்தித்தாளை என்னிடமிருந்து வாங்கிச் சுற்றினார்.
பிறகு
"எட்டு வாரம் போதாதோ?
பத்து வைப்போமா?" என்றார்.