எண்பத்தைந்தாவது புள்ளி

முதல் பைட் பூஜ்ஜியம். இரண்டாவதும் பூஜ்ஜியம்.
மூன்றாவது அகலம், நான்காவது உயரம்.
அவ்வளவுதான் பீடிகை.
மற்றதெல்லாம் புள்ளி:
ஒன்று என்றால் வெள்ளை, பூஜ்ஜியம் என்றால் கறுப்பு.
சாம்பல் நிறத்துக்கு இடமே கிடையாது.
ஔலு நகரத்து டிசம்பரில் உட்கார்ந்துகொண்டு
இந்த விதியோடு நான் சண்டை போட முடியாது.
மூன்றரை மணி நேரம் வெளிச்சம்,
மீதி பூஜ்ஜியம்.

பிரசவ விடுப்பில் இருந்த விர்ப்பி
ஸ்கேனருக்காக அலுவலகம் வந்தாள்.
வண்டியில் நான்கு வாரக் குழந்தை,
சக்கரமெல்லாம் பனிச்சேறு.
கணவன் யார்னோ பனி உடைக்கும் கப்பலில்.
கரையோரம் வரும்போது மட்டும்
அவன் கைபேசியில் இரண்டு கோடு சிக்னல் நிற்கும்.
எண்பத்து நாலுக்கு நாற்பத்தெட்டு, அவன் திரை.
அதற்குள் ஒரு முகம் போக வேண்டும்.

எதற்கு மேல் வெள்ளை?
நூற்றிருபத்தெட்டில் வெட்டினாள், மூக்கு போயிற்று.
நூற்றைம்பதில் ஒரு கன்னம் இருண்டது.
கடைசியில் மவுஸைப் பிடித்து
ஒவ்வொரு புள்ளியாகத் தானே வைத்தாள்.
உதட்டுக்கு ஏழு.
மூடிய கண்ணுக்கு நாலு.
குழந்தை விழித்து அழுதது.
அவள் திரும்பவில்லை.
நான்தான் வண்டியை ஆட்டினேன்.

யார்னோவின் பதில்: இது பனி வரைபடமா?
அடுத்த நிமிடம்: அடடா. மூக்கு என்னுடையது.

அந்தக் கோப்பைச் சோதனைக்கு வைத்துக்கொண்டேன்.
ஜனவரியில் என் நிரலில் ஒரு பிழை.
படத்தின் வலது ஓரம், நாலு புள்ளி அகலத்துக்குப்
பொடிப்பனி கொட்டிக் கிடந்தது.
எண்பத்து நாலு எட்டால் வகுபடாது,
வரிசையை நிறைக்க நாலு வெற்றுப் பிட்.
படிக்காமல் தாண்டு என்கிறது விதி,
என் நிரல் தாண்டவில்லை.
சரி, ஆனால்
வெற்றிடம் ஏன் பொரிப்பொரியாக இருக்கிறது?

நாற்பத்தெட்டு வரிசை, நாலு நாலாக.
காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன்.
எங்கள் ஃபின்னிஷ் மொழியில்
இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து
சரியாக இருபத்து நாலு எழுத்து:
உன்னை நேசிக்கிறேனா, தெரியவில்லை.

பாவம் யார்னோ என்று நினைத்தேன்.
பகல் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்,
பகல் என்று அதைச் சொல்லலாம் என்றால்.
வீடு திரும்பும் பஸ்ஸில், கையுறையைத் தேடும்போது உறைத்தது:
அவனுக்கு எழுத அவளிடம் குறுஞ்செய்தி இருந்ததே,
நூற்றறுபது எழுத்து, அதுவும் வெளிப்படையாக.
படத்தில் இருந்தது அவன் இல்லையே.

மறுநாள் நிரலைத் திருத்தினேன்.
இப்போது ஒழுங்காகத் தாண்டுகிறது.
பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில்,
நிரப்பு பிட் என்று எழுதி மூடினேன்.

பிறகு அவள் வீட்டுக்கு போன் அடித்து,
வண்டியை ஆட்ட ஆள் வேண்டுமா என்றேன்.
ஏன், என்றாள்.
ஸ்கேனரைப் பற்றி ஏதோ உளறினேன்.
கம்பியில் வெகுநேரம் இரைச்சல்.
சனிக்கிழமை வா, என்றாள்,
காலையிலேயே வா.